மனதைத் தேடுமுன் தட்டையும் பாயையும் பாருங்கள்

பெரியம்மா ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். தெருமுனைக் கடை வரை போய்த் தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. அது கிளம்பும்போதே வாசற்படியில் கழன்று கிடந்தது. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை. வெறுங்காலுக்குச் சுடவே இல்லை.

அதற்கு முந்தைய ஓராண்டாகவே வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. சாம்பாரில் ஒரு நாள் உப்பு இரண்டு முறை விழும், மறுநாள் விழவே விழாது. பேத்தியின் பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிடும். எப்போதும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் காரணம் சொல்லத் தெரியாமல் கண்கலங்கி உட்கார்ந்திருப்பார். அவருக்கு 68 வயது. வயதாகிவிட்டது, வேறென்ன என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோயைக் காரணமாக்கினோம்.

மருத்துவர் ஸ்கேன் எழுதித் தருவார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்டார். என்ன சாப்பிடுகிறீர்கள்? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள்? பெரியம்மா பிறந்ததிலிருந்து சைவம். பாலையும் குறைத்துக்கொண்டு, பெயருக்குக் கொஞ்சம் மோர் மட்டும் சேர்த்துக்கொள்வார். மாத்திரை 11 ஆண்டுகளாகப் போடுகிறார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைட்டமின் பி12 பாதாளத்தில் இருந்தது.

அந்தக் கேள்விகளோடு மூன்றாவதாக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்: எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? மறதி, எரிச்சல், எதிலும் ஊக்கமின்மை, இனம்புரியாத துக்கம் ஆகியவற்றை வயதென்றும் சோம்பலென்றும் குணமென்றும் நாம் சட்டென்று பெயர் சூட்டிவிடுகிறோம். பல வீடுகளில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது வெறும் பற்றாக்குறை. மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு பசியுள்ள ஓர் உறுப்புக்கு வரவு குறைந்தால், அது காட்டும் அறிகுறி வயிற்றுவலியாக இருக்காது. மனதின் மாற்றமாகத்தான் இருக்கும்.

பி12 விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மின்கம்பியைச் சுற்றிக் காப்புறை இருப்பதுபோல நரம்புகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க பி12 வேண்டும். இந்த வைட்டமினைத் தாவரமும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. சில நுண்ணுயிரிகள் மட்டுமே செய்கின்றன. அவற்றிடமிருந்து அது விலங்குகளின் உடலில் சேர்ந்து, மீன், முட்டை, இறைச்சி, பால் வழியாக நமக்கு வருகிறது. சைவ உணவுக்காரருக்குப் பாலும் தயிரும்தான் வழி. அதையும் குறைத்துவிட்டால் வரவு நின்றுபோகும். ஆனால் கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. இருப்பு கரைந்து முடிந்து அறிகுறி தலைகாட்டும் நேரத்தில், உணவை மாற்றிய கதையே யாருக்கும் நினைவிருக்காது. மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நெஞ்செரிச்சலுக்கென்று வருடக்கணக்கில் விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரைகளும் அதையே செய்கின்றன. வயது ஏற ஏற வயிற்றில் அமிலம் சுரப்பதும் சிலருக்குக் குறைகிறது. பெரியம்மாவிடம் இவற்றில் மூன்று கூடியிருந்தன.

புளித்த இட்லி மாவிலும் பழைய சோற்றிலும் தேவையான பி12 கிடைத்துவிடும் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. பழைய சோறு எனக்கும் பிடிக்கும். ஆனால் நம்பியிருக்கும் அளவுக்கு அதில் பி12 கிடைக்காது. இதை நம்பி ஒரு சைவக் குடும்பம் பரிசோதனை செய்யாமல் இருந்துவிடக் கூடாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. சோகை என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்தம் சரியானதுபோலத் தோன்றும், நரம்பின் சேதமோ உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

உணவுக் குறை மனநோயாக வேடமிட்டு வந்த கதைகளில் என்னை மிகவும் உலுக்கியது பெலாக்ராவின் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழைகளை இந்த நோய் வாட்டியது. முதலில் வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல அந்தத் தடம் தெரியும். பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு உறக்கமின்மை, சோர்வு, குழப்பம், இல்லாததைக் காண்பது, இல்லாத குரலைக் கேட்பது. பலர் மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார்கள். இது தொற்றுநோய் என்பதே அன்றைய மருத்துவர்கள் பலரின் உறுதியான நம்பிக்கை.

1914இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை இதை விசாரிக்க அனுப்பியது. மனநோய் விடுதிகளுக்கும் அனாதை இல்லங்களுக்கும் போனவர் ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளுக்கு பெலாக்ரா வருகிறது. அதே கூரையின் கீழ் அவர்களைத் தொட்டுத் தூக்கிப் பராமரிக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை. தொற்றுநோய்க்கு இந்தப் பாகுபாடு ஏது? வித்தியாசம் சமையலறையில் இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு மக்காச்சோள மாவு, வெல்லப்பாகு, பன்றிக் கொழுப்பு. ஊழியர்களுக்குப் பாலும் இறைச்சியும் முட்டையும். மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டு அனாதை இல்லங்களிலும் ஜார்ஜியா மாநில மனநோய் விடுதியின் சில பிரிவுகளிலும் உணவை மாற்றினார். அங்கெல்லாம் பெலாக்ரா மறைந்தது.

ஆனாலும் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாக வாக்களித்து, தாமாக முன்வந்த கைதிகளுக்கு அந்த ஏழைச் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களில் ஆறு பேருக்கு நோய் வந்தது. இன்றைய அறநெறி அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. பிறகு தொற்றுவாதத்தைப் பொய்யாக்க, நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவர் மனைவி மேரியும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோல்ட்பெர்கர் 1929இல் இறந்தார். உணவில் குறைந்துபோன அந்தப் பொருள் நியாசின் என்ற பி வைட்டமின் என்பது 1937இல்தான் தெரிந்தது. அது கிடைத்த பிறகு, பைத்தியம் என்று கைவிடப்பட்டவர்கள் சில நாட்களில் தெளிவடைந்து பேசத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன் அதே கட்டிலில் இறந்தவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. மெக்சிகோவின் பழங்குடியினர் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அப்படிச் செய்தால் தானியத்தில் சிக்கியிருக்கும் நியாசின் விடுபடும். பயிர் கடல் கடந்தது, பக்குவம் கூடப் போகவில்லை.

இந்தியாவிலும் பெலாக்ரா இருந்தது. தக்காணத்தில் சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் அதைக் கண்டு ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். அவர் வழிநடத்திய ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் நம் குன்னூரில்தான். 1918இல் ராபர்ட் மெக்கரிசன் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது.

பெரிபெரி அரிசியின் நோய். தீட்டித் தீட்டி வெளுத்த பச்சரிசியை மட்டும் தின்றால் தவிட்டோடு தயமின் என்ற வைட்டமின் பி1 போய்விடும். கால் நரம்புகள் தளரும், இதயம் வீங்கும். பச்சரிசி புழங்கிய, இன்றைய ஆந்திரக் கடலோரத்தை ஒட்டிய வட சர்க்கார் மாவட்டங்களில் இந்த நோய் இருந்தது, புழுங்கல் அரிசி புழங்கிய இடங்களில் அரிதாகவே இருந்தது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் வைட்டமின் அரிசியின் உள்ளுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். நெல் அவித்த அண்டாவின் மணத்தைச் சிறுவயதில் அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஆவி பல தலைமுறைகளின் நரம்பைக் காத்திருக்கிறது.

தயமின் குறை இன்று வேறு வாசல் வழியாக வருகிறது. சோறு தொடாமல் குடித்துக்கொண்டே இருப்பவர்களிடம் அது மூளையைத் தாக்கும். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். பார்ப்பவர்கள் போதை இன்னும் தெளியவில்லை என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். வெர்னிக்கே என்ற மருத்துவர் 1881இலேயே விவரித்த அவசர நிலை இது. உடனே ஊசி வழியாகத் தயமின் ஏற்றினால் மீளலாம். தாமதித்தால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாத நிலை நிரந்தரமாகத் தங்கிவிடும்.

வைட்டமின் என்று பிரித்துப் பார்க்காமல், வெறும் பசியே மனதை என்ன செய்யும்? 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் இதைச் சோதித்தார். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் ஏறத்தாழ அரைவயிற்று உணவு மட்டும் கொடுத்தார். உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எடையைவிட மனம் அதிகம் மாறியது. சிரிப்பு நின்றது, நட்பு வற்றியது, கோபம் பொங்கியது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து மணிக்கணக்கில் படித்தார்கள். நல்ல குணம் என்று நாம் போற்றுவதில் எவ்வளவு பங்கு நிரம்பிய வயிற்றுடையது என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகு மறக்க முடியாது. காலையில் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கவனம் எங்கே என்று கேட்பதில் நியாயம் இல்லை. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் மூளைக்கான திட்டங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இனி பாய்க்கு வருவோம்.

என் தங்கை மகன் பிளஸ் டூ படிக்கும்போது வீட்டில் ஒரு கடிகாரம் ஓடியது. இரவு 11.30 வரை படிப்பு. விடியற்காலை 4 மணிக்கு அவன் அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவார். விடியலில் படித்தால் பசுமரத்தாணி போலப் பதியும் என்பது நம் நம்பிக்கை. இரவு எட்டரை மணிக்கு ஊர் அடங்கிய காலத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். நான்கரை மணி நேரம் தூங்கிய பிள்ளைக்கு அது பொருந்தாது. உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பகலில் படித்ததை மூளை நிரந்தர இருப்புக்கு மாற்றும் வேலையில் பெரும்பகுதி அப்போது நடக்கிறது. கனவு மிகுந்த உறக்கம் பின்னிரவில், விடியலுக்கு முன்புதான் நீளும். உணர்ச்சிகள் ஆறி அடங்குவதில் அதற்குப் பங்கு உண்டு என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. நான்கு மணிக்கு எழுப்பும்போது அந்த உறக்கத்தைத்தான் நாம் வெட்டி எறிகிறோம். பதின்வயதில் உடலின் கடிகாரமே சற்றுத் தள்ளி ஓடும், சீக்கிரம் படு என்றாலும் தூக்கம் வராது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை. படித்தது மறந்து, தட்டைத் தள்ளிவிட்டு, எடுத்ததற்கெல்லாம் சீறிய அந்தப் பையனைத் திமிர் பிடித்தவன் என்று நாங்கள் திட்டினோம். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கொஞ்சம் குறைத்துத் தூங்கினாலும் பழகிவிடும் என்பார்கள். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனமும் வேகமும் நாளுக்கு நாள் சரிந்தன. இரண்டு வாரங்களில், ஓர் இரவு முழுக்கக் கண்மூடாதவர்களின் நிலையை எட்டின. ஆனால் அவர்களிடம் கேட்டபோது, சற்றே தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். சேதத்தை உணரும் திறனும் சேதத்தோடு சேர்ந்தே போய்விடுகிறது. இரவு ஷிப்ட் முடித்து, பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்து, மறுபடி ஸ்டீயரிங் பிடிக்கும் ஓட்டுநர் தமக்கு ஒன்றுமில்லை என்று மனதார நம்புவார். அதுதான் பயமாக இருக்கிறது.

மனதுக்கு என்ன ஆகிறது என்பதை 2007இல் வெளிவந்த ஒரு மூளைப்பட ஆய்வு காட்டியது. ஓர் இரவு முழுக்க விழித்தவர்களிடம் மனதைப் பாதிக்கும் படங்களைக் காட்டினார்கள். அச்சத்தையும் கோபத்தையும் எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் முன்மூளைப் பகுதியோடு அதற்கிருந்த தொடர்பு தளர்ந்திருந்தது. குதிரைக்கு வேகம் கூடி, கடிவாளமும் தளர்ந்த நிலை.

மனச்சோர்வு வந்தால் தூக்கம் கெடும் என்பதை எல்லோரும் அறிவோம். அதன் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தூக்கம் கெட்டவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போனது. தூக்கமின்மைக்கு மட்டும் சிகிச்சை தரப்பட்ட மாணவர்களுக்குத் தூக்கம் சீரானதோடு, வீண் சந்தேகங்களும் பிரமைகளும்கூடக் குறைந்தன. அந்தச் சிகிச்சை தூக்க மாத்திரை அல்ல. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்துவிடுவது, தூங்கவில்லையே என்ற கவலையைச் சமாளிக்கக் கற்பது போன்ற பயிற்சிகள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது இதுதான் என்று மருத்துவ அமைப்புகளும் சொல்கின்றன. நம் ஊரில் மாத்திரைச் சீட்டு எளிதில் கிடைக்கிறது, இந்தப் பயிற்சியைத் தருபவர் எளிதில் கிடைப்பதில்லை.

தூங்கும்போது மூளை கழுவப்படுகிறது என்ற செய்தி பரவலாகப் பேசப்படுகிறது. 2013இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், உறக்கத்தின்போது மூளைச் செல்களுக்கு இடையிலான இடைவெளி விரிந்து கழிவுகள் வேகமாக வெளியேறுவது தெரிந்தது. 2024இல் வந்த இன்னொரு எலி ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. இந்த வழக்கு முடியவில்லை. முடியாததை முடிந்ததாகச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஏறக்குறைய 8,000 பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், ஐம்பது, அறுபது வயதுகளில் ஆறு மணி நேரமோ குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதிநோய் சுமார் 30 சதவீதம் கூடுதலாக வந்தது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் அசட்டை செய்யக்கூடிய எண் அல்ல.

குறட்டை விட்டால் ஆழ்ந்து தூங்குகிறார் என்று நினைக்கிறோம். குறட்டை நடுவில் மூச்சு நின்று, பிறகு திடுக்கென்று இழுத்து வாங்கினால், அவர் இரவெல்லாம் மூச்சுக்காகப் போராடுகிறார் என்று பொருள். பகலில் அவர் எரிந்து விழுவதும், உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்வதும், மறப்பதும் அதன் விளைவாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

தட்டும் பாயும் ஒன்றையொன்று தொடும் இடமும் உண்டு. இரவு படுத்ததும் கெண்டைக்காலில் ஏதோ ஊர்வதுபோல இருக்கிறது, காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி என்று பெண்கள் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதற்கு இரும்புச்சத்துக் குறை ஒரு முக்கியக் காரணம். இரும்பு குறைந்தால் டோபமைன் என்ற மூளைச் சுரப்பின் வேலை கெடும், கால் அடங்காது, தூக்கம் உடையும், காலையில் மனம் கனக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிட்டு, கையோடு ஒரு டம்ளர் தேநீரும் குடித்துப் படுப்பவர்கள் இவர்களில் எத்தனை பேர்! உணவோடு குடிக்கும் தேநீர் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு சேர்வதைத் தடுக்கும். அதிலுள்ள காஃபினில் பாதி ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். இந்த மாற்றத்துக்குப் பெரிய செலவில்லை, வீட்டில் உள்ள மற்றவர்கள் நினைத்தால் போதும்.

உணவால் மனச்சோர்வு குணமாகுமா? ஆஸ்திரேலியாவில் 67 பேரிடம் 12 வாரங்கள் நடந்த சோதனை ஒன்று 2017இல் வெளியானது. காய்கறி, பயறு, மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவுக்கு மாறியவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் அப்படி மீண்டவர்கள் 8 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சிறிய சோதனை. யாருக்கு என்ன உணவு என்பதை மறைக்கவும் முடியாது. அவர்களில் பெரும்பாலோர் மருந்தையோ ஆலோசனையையோ விட்டுவிடாமல் உணவையும் மாற்றியவர்கள். இதை மறந்து, மாத்திரையை நிறுத்து, வாழைப்பழம் சாப்பிடு என்று அறிவுரை சொல்வது கொடுமை. மனநிலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் செரோடோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது என்பது உண்மை. அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை என்பதும் உண்மை. மகிழ்ச்சி தரும் பத்து உணவுகள் என்ற பட்டியல்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குபவர்களுக்கும் மனநோய் வரும். உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வருபவர்கள் உணவுப் பட்டியலைத் தேட வேண்டாம், உடனே உதவியைத் தேட வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416.

பெரியம்மாவுக்கு முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி போட்டார்கள். பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. இரண்டாம் மாதம் கண்கலங்கி உட்காருவது நின்றது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் அடுப்படியிலிருந்து பேத்தியை முழுப்பெயர் சொல்லி அதட்டினார். அதட்டல் கேட்டு என் அக்கா அழுதுவிட்டார். இடது காலில் மட்டும் மரப்பு மிச்சமிருக்கிறது. ஓராண்டு முன்னால் வந்திருந்தால் அதுவும் சரியாகியிருக்கக் கூடும் என்று மருத்துவர் சொன்னார். குதிகாலைச் சுற்றி வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். கடைக்குக் கிளம்பும் முன் வாசற்படியில் நின்று, இரண்டு காலையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்.